பேபி லூசியின் அழுகை

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து ஏறிய ரயில் பாரிஸின் கார் து நோர் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் விளக்கினார். அவருக்கும் தெரியாது என்பது அந்த விளக்கத்திலிருந்து தெரிந்தது. சாப்பாட்டுக்கு வரப் பிந்தும் என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பதில் எழுதுவதில்லை, ஒட்டுகிறார்கள். ஒரு ஸ்டிக்கர் வந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி, ரயில் பிளாட்பாரத்தில் நின்று வாயைத் திறந்து அழுகிறாள். மூன்று விநாடி அழுது, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அழுகிறாள்.

அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு கடை வாசலில் குவித்துப் போட்டிருந்த தொப்பிகளுக்குள் கையை விட்டு அதை எடுத்தவன் நான்தான். அந்த அழுகையையும் எனக்குத் தெரியும். அதுவும் என் வேலைதான் என்று ஒரு காலத்தில் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

செவ்ரானில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மகளிடம், "உது உனக்கு எங்கால கிடைச்சது?" என்று கேட்டேன். எல்லாரிடமும் இருக்கிறது பப்பா, என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு இருபத்துநாலு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள். இதில் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை. ஸ்டிக்கர் இவ்வளவு ஓடியதற்குக் காரணத்தையும் அவளே விளக்கினாள். அது ஒரு பழைய தமிழ் வீடியோப் படமாம். தகப்பன் பிள்ளையை விட்டுவிட்டு ரயிலில் போகிறானாம். பிள்ளையின் குரலை வயலின் சத்தம் மூடிவிடுகிறதாம். ஆனால் வாயைப் பார்த்தால் அவள் பிரெஞ்சில் அழுகிறாளாம், அதுவும் அப்பாவை அல்ல, அம்மாவை. "மமான், மெ லெஸ் பா." அம்மா, என்னை விட்டுவிட்டுப் போகாதே. பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி. நாங்கள் முப்பது வருஷமாக வயலினைக் கேட்டு அழுதோம். அவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டை வாசித்திருக்கிறார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை அவ வாறா," என்று மகள் கடைசியில் கொஞ்சம் தமிழும் கதைத்தாள். இளைஞர்கள் சிலர் சேர்ந்து பழைய வீடியோப் படங்களில் நடித்தவர்களை அழைத்து லா ஷப்பலில் ஆட்டோகிராஃப் நிகழ்ச்சி வைக்கிறார்கள். அவள் போனில் காட்டிய அறிவித்தலில் பெரிய எழுத்தில் பேபி லூசி என்று இருந்தது. லூசிக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. ஆனால் படத்தின் டைட்டிலில் ஒருமுறை பேபி என்று போட்டுவிட்டால், அதைப் பிரெஃபெக்சர் கந்தோரில் விண்ணப்பித்தும் எடுக்கமுடியாது.

உங்களுக்கு வீடியோ கேசட்டின் வாசனை நினைவிருக்கிறதா? மேலுறையின் வாசனையைச் சொல்லவில்லை. ஓடிச் சூடேறி, டெக்கிலிருந்து வெளியே வரும்போது ஒரு வாசனை வருமே, உருகப்போகும் பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்தது. நான் அந்த வாசனைக்குள் நாலு வருஷம் இருந்தேன். லா ஷப்பலில் ஒரு வீடியோக் கடை, அதன் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. எட்டு டெக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். ஒன்றில் ஓடுவதை மற்ற ஏழும் பிரதியெடுக்கும். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொன்று என்று போகப்போகக் கதாநாயகிக்கு முதலில் மூக்கு மறையும், பிறகு கண். படம் வந்த வாரத்தில் எடுத்துப் போனவர்கள் கதாநாயகியைப் பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் புறநகர் பியர்ஃபித்திலிருந்து வந்து எடுத்துப் போனவர்கள் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் முறையிட்டது கிடையாது. கதை விளங்கினால் போதும் என்பார்கள்.

குளிர்காலத்தில் அந்த அறைதான் பாரிஸிலேயே சூடான இடம். அதனால் டைரக்டர் அண்ணை அங்கே அடிக்கடி வருவார். சனி ஞாயிறு கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பார். மற்ற நாட்களில் ஒரு ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவுவார். எங்களுக்கென்று இங்கேயே ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. படம் எடுத்து முடிப்பதற்கு முன்பே எல்லோரும் அவரை டைரக்டர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்ததால், எடுக்காமல் விடவும் வழியில்லை. படத்தில் நடித்த குழந்தைக்குப் புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, பிரான்சில் அந்த நாட்களில் அப்படி. ஆகவே படப்பிடிப்பு புதன்கிழமை. ஆகவே புதன்கிழமை தோறும் டைரக்டர் அண்ணைக்கு இடுப்பு வலி. அவருடைய முதலாளி நல்ல மனுஷன். ஏழாவது புதன்கிழமை வரைக்கும் நம்பினார்.

லூசி எங்கள் யாழ்ப்பாணத்து ஆள் இல்லை. பாண்டிச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம், பொண்டியில் வீடு, தகப்பனுக்குத் தபால் கந்தோரில் வேலை. தாய் சனிக்கிழமைகளில் வாடகைக்குக் கேசட் எடுக்க எங்கள் கடைக்கு வருவார். அவர் கேசட் தெரிவு செய்யும்வரை லூசி, போன வாரப் படத்தை எனக்கு நடித்துக் காட்டுவாள். கதாநாயகன், வில்லன், மழை எல்லாம் அவளே. டைரக்டர் அண்ணை ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தார். எங்கள் ஆட்களிடம் பிள்ளையைக் கேட்டால் ட்யூஷன் இருக்கிறது என்பார்கள். லூசியின் தாயோ, "புள்ளைக்குச் சளி புடிக்காமப் பாத்துக்குங்க, மந்தோவைக் கழட்டச் சொல்லாதீங்க," என்பதோடு நிபந்தனையை முடித்துக்கொண்டார். அதனால்தான் அந்தப் படம் முழுக்க, வீட்டுக்குள் நித்திரை கொள்ளும் காட்சியில்கூட, லூசி மந்தோவோடு, அந்தக் குளிர்க் கோட்டோடு, இருப்பாள்.

அவளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் பழக்குவது என் பொறுப்பு. டெக்குகளுக்கு நடுவில் ஸ்டூலில் இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பேன். "எப்ப அப்பா வருவியள்?" என்று நான் சொன்னால், "எப்பப்பா வருவீங்க?" என்பாள். "போகாதேங்கோ" என்றால் "போகாதீங்க." ஒருநாள் களைத்துப்போய்க் கேட்டாள்.

"ஏன் அண்ணே, நீங்க எல்லாரும் தமிழைத் தப்பாவே பேசுறீங்க?"

"இதுதான் பிள்ளை சரியான தமிழ்."

"எங்க அம்மா அப்படிச் சொல்லலியே."

படத்தின் முடிவில் "வசனப் பயிற்சி" என்று என் பெயர் வரும். நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அந்த இடம் வரும்போது எல்லோரும் கேசட்டைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

ரயில் காட்சியைச் செவ்ரான் ஸ்டேஷனில் எடுத்தோம். அனுமதி என்ற ஒன்று உண்டு என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா வேஷம் போட்டவர் சூட்கேசோடு ரயிலில் ஏறவேண்டும், கதவு மூடவேண்டும், லூசி அழவேண்டும். அப்பா ஏறினார், கதவு மூடியது, லூசி கையசைத்தாள். அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தார். வெங்காயம் பிழிந்தோம், லூசிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுக்குக் கீழே தைலம் தடவினோம், தும்மினாள். இரண்டாம் முறை திரும்பி வந்த அப்பாவை டிக்கெட் பரிசோதகர்கள் பிடித்துவிட்டார்கள். சூட்கேசைத் திறந்து காட்டச் சொன்னார்களாம், உள்ளே பழைய பேப்பர். "இன்னும் ஒருக்காத்தான் ஏறுவன். பிறகு நான் உண்மையா வீட்டை போயிடுவன்," என்று சொல்லிவிட்டார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டைரக்டர் அண்ணையின் இடுப்பு வலியும் அன்றோடு முடிகிறது. முதலாளி டாக்டர் கடிதம் கேட்டிருந்தார். அண்ணை கமராவுக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லூசியின் தாய் பாண் வாங்க வெளியே போயிருந்தார். ரயில் வந்தது. நான் கமராவுக்குத் தெரியாதபடி லூசிக்குப் பின்னால் குந்தியிருந்தேன், வசனத்தை எடுத்துக் கொடுப்பதற்காக. கதவு மூடும் மணி அடித்தபோது, தொப்பியைக் கொஞ்சம் விலக்கி அவள் காதுக்குள் சொன்னேன்.

"பிள்ளை, அம்மா உந்த ரயிலிலை ஏறிப் போட்டா. இனி வரமாட்டா."

நான் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் தாய் இருக்கிறாரா என்று சொல்வதற்கு முன் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அது நினைவிருக்கிறது.

ஒரே டேக். ஓடிய ரயிலைப் பார்த்து அவள் கத்திய கத்தலில் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பையைக் கீழே போட்டுவிட்டார். டைரக்டர் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை பிறவி நடிகையடா," என்றார். நான் காதுக்குள் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, வசனம் என்றே நினைத்தார். லூசி நிறுத்தவில்லை, நடுங்கிக்கொண்டே இருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த கஃபேக்குப் போனேன். என் ஜாக்கெட்டைப் போர்த்தி, சூடான ஷொக்கொலா வாங்கிக் கொடுத்து, தாய் பாணோடு வரும்வரை ஏதேதோ கதை சொல்லிச் சமாளித்தேன்.

படம் ஓடியது. எங்கள் கடையில் மட்டுமல்ல, பிரதியாகவும் பிரதியின் பிரதியாகவும் கனடா வரைக்கும் ஓடியது. லூசியின் மூக்கும் கண்ணும் மறைந்த பிரதிகளில்கூட அந்த வாய் மட்டும் தெரிந்ததாம். கடைக்கு வருகிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட்டைத் திருப்பித் தருவார்கள். "அந்த அழுகை எப்பிடி வந்தது தெரியுமோ?" என்று நான் தொடங்குவேன். எல்லோரும் சிரிப்பார்கள், பெரிய ஆள்தான் என்பார்கள். டைரக்டர் அண்ணைக்கு இது எப்படியோ தெரியவந்து, ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பொறாமை என்று நினைத்தேன். அவர் அதற்குப் பிறகு வேறு படம் எடுக்கவில்லை.

பல வருஷம் கழித்து, என் மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, கார் து நோரில் கூட்டத்துக்குள் அவள் கையை விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம்தான். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த முகத்தை நான் ஏற்கனவே எட்டு டெக்கிலும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்தக் கதையை யாருக்கும் சொல்வதில்லை. படத்தில் வேலை செய்தேன் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள், என்னையும் கூட்டிக்கொண்டு போக. மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போகலாம் என்றிருந்தேன். அது நடக்கவில்லை.

லா ஷப்பலில் அந்த மண்டபம் ஒரு முற்றத்தின் உள்ளே இருக்கிறது. நனைந்த கோட்டுகளின் வாசனையும் மீன் ரோல்ஸின் வாசனையும் கலந்து அடித்தது. பத்து நடிகர்கள் வருவதாகச் சொல்லி மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒரு நகைச்சுவை நடிகரும் ஒரு சண்டை நடிகரும் தங்கள் மேசைகளில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஆட்டோகிராஃப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டமெல்லாம் லூசிக்கு. தலைமயிரைக் கட்டையாக வெட்டி, கண்ணாடி போட்டு, பொண்டி நகரசபையில், மெரியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை செய்கிற ஒரு மதாம். "தினம் நாப்பது கையெழுத்துப் போடுறேன், ஒருத்தரும் செல்ஃபி எடுத்ததில்ல," என்று மைக்கில் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

முன்வரிசையில் டைரக்டர் அண்ணையின் மனைவி இருந்தார். அண்ணை செத்து ஆறு வருஷம். அக்காவுக்கு ஒரு சால்வை போர்த்தி, கையில் ஒரு ரோல்ஸும் கொடுத்து இருத்தியிருந்தார்கள்.

பிறகு லூசி அந்த அழுகையைப் பற்றிச் சொன்னார், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும். படத்தை எடுத்த மனிதர் தன் காதில் வந்து, உங்க அம்மா போயிட்டாங்க என்று சொன்னாராம். பதினைந்து பதினாறு வயதுவரை தாய் கடைக்குப் போய்வரப் பிந்தினால்கூடத் தனக்கு மூச்சு முட்டுமாம். "அவரு இப்போ இல்ல. நான் மன்னிச்சுட்டேன்." கூட்டம் கை தட்டியது. மன்னிப்புக்குக் கை தட்டுவது சுலபம். அக்கா கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "அவர் பிள்ளையளோட அப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை," என்று மெதுவாகச் சொன்னார். ரோல்ஸைக் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

லூசி முடிக்கவில்லை. "ஆனா அங்க ஒரு அண்ணன் இருந்தாரு. தமிழ் சொல்லிக் குடுப்பாரு. அவருதான் என்னைத் தூக்கிட்டுப் போயி, ஜாக்கெட்டைப் போத்தி, ஷொக்கொலா வாங்கிக் குடுத்தாரு. 'அந்த டைரக்டர் மாமாதான் பகிடிக்குச் சொன்னாரு, அழாதே'ன்னாரு. பேரு கூடத் தெரியாது. என் புள்ளைங்ககிட்ட இன்னிக்கும் சொல்லுவேன், எங்க போனாலும் ஒரு நல்லவங்க இருப்பாங்கன்னு."

அந்த மாமாதான் பகிடிக்குச் சொன்னார். பழியை டைரக்டர் அண்ணைமேல் போட்டு அதை நான் சொன்னேனா? கஃபேயின் மேசை நினைவுக்கு வந்தது, அவள் உதட்டுக்கு மேல் ஒட்டியிருந்த ஷொக்கொலா நினைவுக்கு வந்தது, பிறகு என் குரலும் வந்தது. சொல்லியிருக்கிறேன். சொன்னதை இவ்வளவு காலம் மறந்தும் இருந்திருக்கிறேன்.

"பப்பா, அது நீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்," என்றேன். எந்த ஆளைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் ஒன்றையும் தடுக்க முடியவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பர்தோன், பர்தோன் என்று சொல்லிக்கொண்டு மகள் என்னை முன்னால் இழுத்துப் போனாள். இவர்தான் உங்கள் அண்ணன் என்று பிரெஞ்சில் அறிவித்தாள். லூசி எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கினார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு பேர் என்னைப் படம் எடுத்தது கிடையாது. லூசியின் தோளுக்கு மேலால் பார்த்தால் சால்வையோடு அக்கா இருந்தார்.

"லூசி, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு உங்கட காதுக்குள்ள சொன்னது டைரக்டர் அண்ணை இல்லை. நான்."

அவர் சிரித்தார். "செத்தவரைக் காப்பாத்துறீங்க. அப்பவே உங்களுக்கு அந்த மனசு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் நல்லவன் ஆகிறேன். விட்டிருந்தால் அப்படியே மகளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"இல்லை. நான் உங்களுக்குப் பின்னால குந்தியிருந்தனான். தொப்பியை விலத்திப்போட்டுச் சொன்னனான். வலப்பக்கக் காது."

லூசியின் கை தானாகப் போய் வலது காதைத் தொட்டது. பிறகுதான் மற்றக் கையையும் என்னிடமிருந்து எடுத்தார்.

"உங்களுக்கு அப்போ என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

"எனக்கு ஏழு."

"ஓம்."

"அந்த ஷொக்கொலா எதுக்கு வாங்கிக் குடுத்தீங்க?"

பாவமாக இருந்தது என்று சொல்லலாம். அதிலும் ஒரு பங்கு உண்மை இருந்திருக்கும். "நீங்கள் அம்மாவிட்டைச் சொல்லிப்போடுவியள் எண்ட பயத்திலை," என்றேன்.

"சொல்லல. அம்மா போன வருஷம் போயிட்டாங்க, அதுவரைக்கும் சொல்லல. சொல்ல மாட்டேன்னு கஃபேல அந்த அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அண்ணன் வேறு யாரோ என்பதுபோல், என்னைத் தாண்டி எங்கோ பார்த்துச் சொன்னார்.

பிறகு ஒரு படத்தை எடுத்து, மகளிடம் பெயரைக் கேட்டு, மகளுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து, வரிசை முணுமுணுக்க முணுமுணுக்க, முன்வரிசைக்குப் போய் அக்காவின் முன்னால் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஒரு மாதிரித் தாங்கிக்கொண்டேன். அவர் ரோல்ஸைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் லூசியின் தலையைப் பிடித்தது மட்டும் தெரிந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. லூசி கொடுத்த படத்தை மகள் கோட்டுக்குள் வைத்து மூடினாள். பிறகு தமிழில் கேட்டாள், அதுவும் பிசகில்லாத தமிழில்.

"எனக்கும் அப்பிடி ஏதும் சொன்னனீங்களா, அப்பா?"

"இல்லை," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

எங்கள் வீடியோக் கடை இருந்த இடத்தில் இப்போது புருவம் திருத்துகிறார்கள். பின்னறையில் டெக்குகள் நின்ற சுவரை இடித்து ஜன்னல் வைத்துவிட்டார்கள். செவ்ரான் ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த கஃபே மூடிப் பல வருஷம். கதவு மூடும் மணியின் சத்தத்தைக்கூட மாற்றிவிட்டார்கள். டைரக்டர் அண்ணையும் போய்விட்டார். இவையெல்லாம் போகும்போது என்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை; எனக்கும் அதில் பெரிய மனக்குறை கிடையாது. ஆனால் அந்த அண்ணன் விஷயம் அப்படியல்ல. முப்பது வருஷமாகப் பொண்டியில் ஒரு வீட்டில் அவர் இருந்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னைவிட எவ்வளவோ நல்ல மனுஷன். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது அன்று பின்னேரம் நாலு மணிக்கு. நாலரைக்கு அவர் இல்லை.